மலைநாட்டின் முதற் கச்சேரி

நேயர்களே, தமிழில் வழங்கும் சொற்களுள் சில, ஊருக்கு ஊர் வெவ்வேறு முகம் காட்டும் இயல்புடையன. 'கச்சேரி' என்பது அத்தகைய ஒரு சொல். வடநாட்டு மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல்லின் முதற்பொருள், அரசாங்க அலுவல் நடைபெறும் இடம் என்பதாகும். பின்னர் அது வித்துவான்கள் கூடிப் பாடும் இசையரங்கையும் குறிக்கலாயிற்று. இலங்கையிலே இவ்விரண்டு பொருளும் இன்றளவும் வழக்கில் இருக்கின்றன. கேகாலை நகரத்துக்குச் சென்று, "கச்சேரி எங்கே?" என்று ஒரு முதியவரை வினவினால், பாட்டும் பக்கவாத்தியமும் கேட்கும் இடத்தை அவர் காட்டமாட்டார். முன்னாளில் அரசாங்க அதிபர் வீற்றிருந்து ஆட்சி புரிந்த அலுவலகத்தையே காட்டுவார். மாவட்டச் செயலகம் என்று அதற்குப் பெயர் மாறிய பின்னரும், பழைய சொல் மக்கள் நாவை விட்டு அகலவில்லை.

ஒரே சொல் குறிக்கும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கேகாலைத் தோட்டத் தமிழரின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு கச்சேரிக்கு அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அங்கே கைகட்டி நின்றார்கள். மற்றொரு கச்சேரியைத் தாமே கூட்டினார்கள். அங்கே தலைநிமிர்ந்து நின்றார்கள். அந்த இரண்டாவது கச்சேரியின் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

முதன்முதலாகக் கேட்ட இசையரங்கை எவரும் எளிதில் மறப்பதில்லை. சென்னையில் வளர்ந்தவர் ஒருவருக்கு அது மார்கழி மாதத்துச் சபா அரங்காக இருக்கலாம். யாழ்ப்பாணத்தவருக்குக் கோயில் வீதியிலே விடிய விடிய ஒலித்த நாதசுரமாக இருக்கலாம். இன்று நாம் அறிந்துள்ள சபாக் கச்சேரியின் அமைப்பு அத்துணைப் பழமையானதன்று. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளை வளர்த்து, இராகம் தானம் பல்லவி பாடி, துக்கடாக்களில் இறங்கி, மங்களத்தில் நிறைவுறும் முறையை நிலைபெறச் செய்தவர் அரியக்குடி இராமானுச ஐயங்கார் என்பர். அவர் 1890 முதல் 1967 வரை வாழ்ந்தவர். 1927ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக, 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. ஆக, அரண்மனையிலும் ஆலயத்திலும் ஒலித்த இசை, நுழைவுச்சீட்டு வாங்கி நாற்காலியில் அமர்ந்து கேட்கும் பொருளாக மாறிச் சற்றேறக்குறைய நூறாண்டுகளே ஆகின்றன.

அந்நாளில், கடலுக்கு இப்பால் சபரகமுவக் குன்றுகளில் வாழ்ந்த தமிழருக்கு எந்தச் சபா இருந்தது? யார் அவர்களுக்கு நுழைவுச்சீட்டு விற்றார்கள்?

கேகாலை மாவட்டத்தின் நிலவியல்பை முதலில் நோக்குவோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவான்வெல்லை, புளத்கொஹுபிட்டிய முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் விளைகின்றன. 1869ஆம் ஆண்டளவில் கோப்பிச் செடியை நோய் பற்றியது. அது அழிந்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்த இறப்பர் நாற்றுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு எங்கும் காடாகப் பரவின. இந்தப் பயிர்களை வளர்ப்பதற்காகத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் எனப் பல சீமைகளிலிருந்தும் கங்காணிமார் ஆள் திரட்டி வந்தனர். வந்தவர் கொண்டுவந்த உடைமை சிறிது. துணிமூட்டை ஒன்று, சட்டிபானை சில. அவற்றோடு, சுங்கச் சாவடியில் எவரும் சோதித்துப் பறிக்க இயலாத ஒன்றையும் கொண்டுவந்தனர். அதுதான் அவர்கள் ஊர்ப் பாட்டு.

பாட்டோடு வந்த வாத்தியம் தப்பு. மரச் சட்டத்தை வட்டமாக வளைத்து, அதன் ஒரு முகத்தில் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரண்டு குச்சிகளால் அடித்து முழக்கும் பறை இது. தோட்டத்திலே இந்தத் தப்புக்கு வாய்த்த விதி விந்தையானது. பொழுது விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைப்பதற்கு இதனையே பயன்படுத்தினர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து நாவில் 'பிரட்டு' ஆயிற்று. அக்களத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் நிற்க, பேர் சொல்லி ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புவர். பனி விலகாத இருளில் எழும் தப்பொலி, அங்கே பிறந்த குழந்தையின் செவியில் முதன்முதல் விழுந்த வாத்திய ஒலிகளுள் ஒன்றாகும். அது இன்னிசையாக வந்து விழவில்லை. கட்டளையாக வந்து விழுந்தது.

ஆயினும் அதே தப்பு, மாசி மாதத்து வளர்பிறையில் வேறொரு குரலில் பேசிற்று. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில், தோட்டத்து மக்கள் காமன் பொட்டல் என்று வழங்கும் வெளியில் ஒன்றுகூடிக் கம்பம் நடுவர். அன்று தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டிய நாள்வரை, ஏறத்தாழ அரைத் திங்கட் காலம், இரவுதோறும் காமன் கூத்து நிகழும். தவத்தில் அமர்ந்த சிவபெருமானின் மோனத்தைக் கலைக்க மன்மதன் மலரம்பு தொடுத்தலும், நெற்றிக்கண் திறந்து அவன் எரிந்து சாம்பலாதலும், இரதி கதறி அழுதலும், அவள் வேண்டுதலுக்கு இரங்கி இறைவன் மீண்டும் அவனை எழுப்புதலும் இக்கூத்தின் கதை. இரதியும் மன்மதனும் எளியவர் வீட்டுப் பிள்ளைகள். பகலிலே மலைவேலை செய்த இளைஞனே இரவிலே முகத்தில் அரிதாரமும் தலையில் முடியும் தரித்து மன்மதனாக நிற்பான். அவன் தோழன் பெண்வேடமிட்டு இரதியாவான். தெய்வ வேடம் புனைவோர் விரதம் காப்பர். கதையைப் பாட்டாக அறிந்த கூத்து வாத்தியார் முன்னடி எடுத்துக் கொடுக்க, தப்பு முழங்க, ஆட்டம் லயத்துக்கு லயம் நகர்ந்து செல்லும்.

சபாக் கச்சேரிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை நோக்கத்தக்கது. சபாவிலே பாடுவோர் மேடையில், கேட்போர் கீழே. காமன் பொட்டலிலே அத்தகைய எல்லை இல்லை. நேற்றுக் கேட்டவன் இன்று ஆடுவான். இன்று ஆடியவன் நாளை தப்புக்குத் தீ மூட்டுவான். தாயின் இடுப்பிலிருந்து கண்விழித்து நோக்கும் குழந்தை, ஆடும் மன்மதன் தன் மாமன் என்பதை அறியும். இரதியின் புலம்பல் எழும்போது பெண்கள் விம்முவதற்குப் புராணக் கதை மட்டும் காரணமன்று. கணவனை மலைக்குப் பலிகொடுத்தவள், பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், கடல் கடந்து வந்தபின் பெற்றோர் முகத்தைக் காணாதவள் எனப் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். தம் துயரை வாய்விட்டுச் சொல்லும் உரிமை அவர்களுக்குப் பகலில் இல்லை. இரவில் இரதி அவர்களுக்காக அழுதாள். சாம்பலான மன்மதன் மீண்டும் எழுந்தபோது அவர்கள் ஆரவாரித்ததும் அதனாலேதான்.

தமிழகத்திலே தஞ்சைப் பகுதிகளில் இக்கதையைப் பற்றிக்கொண்டு, எரிந்த கட்சி என்றும் எரியாத கட்சி என்றும் இரு சாராராகப் பிரிந்து விடிய விடிய வாதிட்டுப் பாடும் லாவணி மரபு உண்டு. மன்மதன் எரிந்தான் என்பார் ஒருவர். எரியவில்லை என்பார் மற்றவர். மலைநாட்டிலே கூத்தே முதன்மை பெற்றது. காமன் கூத்தோடு அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் தோட்டங்களில் ஆடப்பெற்றன. உயர்ந்த கம்பத்தின்மீது படிப்படியாக ஏறிப் பாடும் அருச்சுனனை அண்ணாந்து நோக்கியவர்கள், வில்லும் வரமும் வேண்டி ஒருவன் தனித்து உயரச் செல்லும் காட்சியில் தம் மைந்தரின் எதிர்காலத்தையும் கண்டிருத்தல் கூடும். பொன்னர் சங்கர் கொங்கு நாட்டு மண்ணின் கதை. அண்ணன் தம்பியர் இருவரின் வீரத்தையும் வீழ்ச்சியையும் கூறுவது. இவ்வாறு, எந்தச் சீமையிலிருந்து எவர் வந்தாரோ அந்தச் சீமையின் கதையும் உடன்வந்து, ஒரே பொட்டலில் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தப்பு முழக்கியவர்கள் தாழ்த்தப்பட்ட குலத்தவராக ஒதுக்கப்பட்டவர்கள். திருவிழாவுக்கும் அவர்கள் வேண்டும். சாவுக்கும் அவர்கள் வேண்டும். ஆனால் பந்தியில் அவர்களுக்கு இடமில்லை என்னும் கொடுமை கடல் கடந்தும் உடன்வந்தது. தம் மக்கள் பள்ளி சென்று பிற தொழில் கற்றபோது, தப்பைத் தொடவே வேண்டாம் என்று தந்தையர் பலர் கருதியதில் வியப்பில்லை. கலையைப் போற்றுகிறோம் என்போர், அக்கலையைக் காத்தவரின் மானத்தையும் சேர்த்துப் போற்றினால் அன்றி அப்போற்றுதல் நிறைவுறாது.

கேகாலைக்கு மற்றொரு தனிச்சிறப்பும் உண்டு. நுவரெலியாவைப்போல் மலைமுடி முழுவதும் தோட்டமாகப் பரந்த நிலமன்று இது. தோட்டமும் சிங்களக் கிராமமும் இங்கே அருகருகே இருப்பன. வயலைத் தாண்டினால் லயம், லயத்தைத் தாண்டினால் விகாரை. சபரகமுவ நடன மரபின் முரசு 'தவுல' எனப்படும். உருளை வடிவான அதன் ஒரு முகத்தைக் குச்சியாலும் மறு முகத்தைக் கையாலும் முழக்குவர். நம் கோயில்களில் நாதசுரத்தோடு ஒலிக்கும் தவிலும் ஒருபுறம் குச்சியாலும் மறுபுறம் கையாலும் வாசிக்கப்படுவதே. மொழியால் வேறுபட்ட இரு மக்களும் ஒருவர் முரசை மற்றவர் தொலைவிலிருந்து கேட்டே வாழ்ந்தனர். பெரஹராவின் தவுலையும் திருவிழாவின் தவிலையும் ஒரே பள்ளத்தாக்கு எதிரொலித்தது.

இனி, வரலாற்றின் மற்றொரு திருப்பத்துக்கு வருவோம். தோட்டம் என்பது அக்காலத்தில் கம்பனியின் தனிச்சொத்து. துரையின் அனுமதியின்றி அயலார் உள்ளே நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிலாளர் கூட்டம் கூடுவதோ கனவிலும் நினைக்க இயலாத ஒன்று. தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், தோட்டத்து நிலையை நேரில் அறிய விரும்பிப் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு உள்ளே சென்றார் என்று அவர் வரலாறு கூறும். துணி விற்பவனுக்குத் திறந்த கதவு, செய்தி சொல்பவனுக்குத் திறக்கவில்லை! 1925இல் சட்டசபை உறுப்பினரான அவர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென அகில இலங்கை அளவிலான சம்மேளனம் ஒன்றை அமைத்தார். 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் சார்பில் அரசாங்க சபையில் வீற்றிருந்தார்.

அவர் நடத்திய கூட்டங்களில் மேடையேறியவர் அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள். சொற்பொழிவு தொடங்குமுன் அவர் பாடுவார். மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளில், தொழிலாளர் படும் இன்னல்களையே சொல்லாக வைத்துப் பாடுவார். வழியிற் செல்வோர் நிற்பர், நின்றவர் நெருங்குவர், கூட்டம் சேரும். அதன் பின்னரே நடேசய்யரின் பேச்சு. 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியத் தொழிலாளரை விலக்கும் நடவடிக்கை எழுந்தது. அடுத்த ஆண்டில், அதாவது 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை மீனாட்சி அம்மாள் வெளியிட்டார்.

அவர் பாடியவை எழுத்தறியாதார் செவிக்கு எட்டிய முதற் செய்தித்தாள் எனலாம். நகரங்களில் அதே ஆண்டுகளில் எழுந்த ஒரு பெரும் விவாதத்தையும் இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். கச்சேரி மேடைகளில் தெலுங்குப் பாடல்களே மிகுந்திருக்கின்றன, கேட்போருக்கு விளங்கும் தமிழ்ப் பாடல்கள் வேண்டும் என்னும் முழக்கம் 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாநாட்டில் எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அறிஞரும் செல்வரும் அங்கே போராடிப் பெற்ற ஒன்று, காமன் பொட்டலிலும் கூட்டத்து மேடையிலும் முதல் நாளிலிருந்தே இயல்பாய் அமைந்திருந்தது. கேட்பவனுக்கு விளங்காத பாட்டை மலைநாட்டில் எவர் பாடுவர்?

இதனிடையே நகரத்து இசையும் மலையேறத் தொடங்கியது. 1926இல் கே. பி. சுந்தராம்பாள் கொழும்பில் நாடக மேடையேறியபோது, எஸ். ஜி. கிட்டப்பாவும் வந்து உடன் நடித்தார். ஈடிணையற்ற இரு குரல்கள் ஒன்றுசேர்ந்தது இலங்கை மண்ணிலேதான். அவர்கள் இசைத்தட்டுகள் கிராமபோன் வழியே மூலைமுடுக்கெல்லாம் பரவின. கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் பிறந்தது. 1949இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. பின்னர் மின்சாரம் எட்டாத லயங்களிலும் டிரான்சிஸ்டர் பெட்டி ஒலித்தது. வித்துவானை நேரில் காண இயலாதவனும் அவர் குரலைக் கேட்டான். அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர், பொட்டலில் ஆடியவரைப் போல் தாமே பாடினவரல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னர் வந்த காலம் கொடியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரின் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்களுக்கு அலுவலகம் என்றாலே அச்சமும் கடுதாசியும் என்றாயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்கள் எண்களாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் எழுதினர். அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் வாய்த்தன. தலைமன்னாருக்குச் சென்ற இரயில்களில் மனிதர் மட்டும் செல்லவில்லை. முன்னடி எடுத்துக்கொடுக்கும் வாத்தியார் ஓரிடத்திலும், பின்பாட்டுப் பாடும் மாணவன் ஓரிடத்திலும் எனக் கூத்தும் இரண்டாகப் பிரிந்து சென்றது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கின; பலர் வடக்கே வவுனியா நோக்கிப் பெயர்ந்தனர். அந்த ஆண்டுகளில் எத்தனை பொட்டல்களில் கம்பம் நடப்படாமற் போயிற்றோ, எண்ணிச் சொல்வார் இல்லை.

ஆனாலும் மன்மதனின் கதை சாம்பலோடு முடிவதன்று. தோட்டத்து மண்ணில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார். 1914இல் பிறந்த அவர், 1947இல் பாராளுமன்றம் புகுந்தவர், கவிஞருமாவார். மக்கள் பாட்டைத் தொகுப்பதும் மக்கள் பணியே என்று அவர் கருதியிருத்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் சட்டம், நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு இந்நாட்டுக் குடியுரிமை வழங்கியது. 1823இல் முதற் கோப்பித் தோட்டம் தோன்றியதிலிருந்து எண்ணி, 2023இல் மலையக மக்கள் தம் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தனர். முன்னோர் நடந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் சென்றனர். மாசி மாதம் வரும்போது மலையகத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் காமன் கம்பம் நடப்படுகிறது. மேடைகளிலும் கல்விக் கழகங்களிலும் காமன் கூத்து ஆடப்படுகிறது.

நேயர்களே, ஓர் இனத்தின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் ஏட்டில் தேடுவர், அது வேண்டியதே. ஆனால் அந்த ஏடுகள் பெரும்பாலும் முதற்கச்சேரியில், அதாவது அரசாங்கக் கச்சேரியில் எழுதப்பட்டவை. அவற்றில் தொழிலாளி ஓர் எண்ணாகவே காணப்படுவான். அவனை மனிதனாகக் காண வேண்டுமெனில், அவன் தன் விருப்பத்தால் எங்கே கூடினான், எதைக் கேட்டுக் கலங்கினான், எதைக் கேட்டு ஆரவாரித்தான் என்பதை நாட வேண்டும். கூட்டம் கூடும் உரிமையைச் சட்டம் கொடுக்கும் முன்னரே, தப்பொலி அந்த உரிமையை மலைநாட்டு மக்களுக்குக் கொடுத்துவிட்டது. சங்கத்துக்கும் தேர்தலுக்கும் முன்னே அவர்கள் ஒன்றுசேரப் பழகிய இடம் காமன் பொட்டல்.

கேகாலைக் குன்றுகளில் அந்தப் பொட்டல்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முதன்முதல் கேட்ட பாட்டு எது, முன்னடி எடுத்துக்கொடுத்த வாத்தியார் யார், இரதியாக ஆடியவர் எவர் வீட்டுப் பிள்ளை என்று பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அப்பணிக்குப் பெரும் பொருளோ பட்டமோ தேவையில்லை. ஒரு குறிப்பேடும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும்.